கழிவு வண்டி போகும் இடம்

அப்பு,

நீ புது வேலையில் சேர்வதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். போனில் இரண்டு தடவை சொல்லத் தொடங்கினேன். முதல் தடவை நீ பஸ்சில் இருந்தாய். இரைச்சலில் நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை. அடுத்த தடவை நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தாய், எனக்குத்தான் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கப் போகிறவர்களும் இதைப் படிக்கட்டும். நம் வீட்டுக்குள் மூடி வைத்துக்கொள்கிற விஷயமாக இது இப்போது இல்லை.

உன் வேலை என்னவென்று அத்தைக்கு நீ விளக்கியது நினைவிருக்கிறதா? ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்க ஒரு ஆய்வகம் என்னென்ன ரசாயனம் செலவழிக்கிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது, கடைசியில் எவ்வளவு கழிவை வெளியே தள்ளுகிறது என்றெல்லாம் பார்த்து, அந்தச் சோதனை முறையால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் எவ்வளவு கெடுதல் என்று மதிப்பெண் போடுவது. அத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப வைத்தியருக்கே நாடி பிடிக்கிற சோலின்னு சொல்லு" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். நீ பிடிக்கப்போகிற நாடி எதுவரை ஓடுகிறது என்பதைத்தான் இந்த இரண்டு மாதத்தில் நான் பார்த்தேன்.

நான் போடியில் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தது நீ பிறப்பதற்கு முன்பு. மலையிலிருந்து இறங்கும் ஏலக்காயில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. காயை அரைத்து ஒரு கரைப்பானில் போட்டுக் குலுக்கினால் காயில் இருக்கும் மருந்து கரைப்பானுக்கு வந்துவிடும். அதில் ஒரு துளியை எந்திரத்துக்குள் விட்டால் எந்த மருந்து, எவ்வளவு என்று திரையில் கோடு எழும்பிக் காட்டும். எந்திரத்துக்குள் போவது ஒரு துளிதான். மீதியெல்லாம் கழிவு. அந்தக் காலத்தில் பெரிய கண்ணாடிப் புனல்களில் கரைப்பானை ஊற்றிக் கையால்தான் குலுக்குவோம். பாதி கேனுக்குப் போகும், பாதி காற்றில் போகும், கொஞ்சம் எங்கள் மேல் தங்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் வேலை விட்டு வந்ததும் ஓடிவந்து என் சேலையில் முகத்தைப் புதைப்பாய். இனிப்பாக ஒரு வாடை அடிக்கும். "அம்மா வாசம்" என்பாய். அது என் வாசம் இல்லை அப்பு, டைகுளோரோமீத்தேன். உன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் குளிக்கப் போவேன். நீ கதவுக்கு வெளியே நின்று அழுவாய். பெற்ற பிள்ளையைத் தூக்க இவளுக்கு மனசு வரமாட்டேன் என்கிறது என்று உன் அப்பா வீட்டில் பேச்சு வந்தது. நான் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலையை விடச் சொல்லியிருப்பார்கள்.

அதனால்தான் போன வருஷம் நீ உன் ஆராய்ச்சிக்காக எங்கள் ஆய்வகத்துக்கே வந்து, பழைய முறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது முறையைக் கொண்டுவந்தபோது என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. கைக்குள் அடங்கும் ஒரு குழாய், அதில் கொஞ்சம் அரைத்த காய், கொஞ்சம் அசிட்டோநைட்ரைல், உப்பு. குலுக்கிச் சுழலவிட்டால் முடிந்தது. புனல் இல்லை, அந்த இனிப்பு வாடை இல்லை. பிறகு நீயும் நானும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து அதற்கு மதிப்பெண் போட்டோம். வட்டமாக ஒரு படம், உள்ளே கட்டம் கட்டமாகப் பிரித்திருந்தது. நல்லது என்றால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், கெடுதல் என்றால் சிவப்பு. கரைப்பானின் அளவு பச்சை. மின்சாரம் மஞ்சள். ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்து கேட்டாய்:

"கழிவு எங்கம்மா போகுது?"

"வண்டி வந்து எடுத்துட்டுப் போகுதுப்பா. வெளியூர்ல உலையில போட்டு எரிக்கிறாங்களாம். முதலாளி ஒரு கம்பெனிகிட்ட ஒப்பந்தம் போட்டிருக்காரு."

"அப்ப முறையா அழிக்கிறாங்கன்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ."

அந்தக் கட்டமும் பச்சையானது. நான் தெரிந்து பொய் சொல்லவில்லை, நீயும் யாரையும் ஏமாற்றவில்லை. நமக்குச் சொல்லப்பட்டதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், அவ்வளவுதான்.

முதலாளி அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டினார். வெளிநாட்டுக்குக் காய் அனுப்புகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்தார்கள். முறையும் சுலபம், நேரமும் மிச்சம் என்பதால் முன்பு நாள் முழுக்க முக்கி முனகிச் செய்ததை இப்போது காப்பி நேரத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த சாம்பிள் தட்டை எடுத்தோம். கம்பம் ஊரிலிருந்தும், மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் சாம்பிள் வந்தது. ஒரு காய்க்குச் செலவாகும் கரைப்பான் குறைந்தது உண்மை. ஆனால் காய் கூடிக்கொண்டே போயிற்று. எந்திரமும் விடாமல் ஓடித் தன் பங்குக் கழிவைக் கக்கியது. பழைய முறையில் நிரம்பியதைவிட அதிகமாகக் கேன் நிரம்பத் தொடங்கியதை நான் கவனித்தேன். உன் வட்டத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. நிரம்பிய கேனில் தேதியும் "கழிவு" என்ற சொல்லும் எழுதி மூடுவேன். அந்தக் கம்பெனிக்காக வரும் செல்வத்தின் குட்டியானைச் சரக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். காலியான இடத்தில் புதுக் கேனை வைப்பேன்.

குரங்கணிக்கு மேலே நம் ஏலக்காட்டைப் பார்த்துக்கொள்ளும் காசியையும் பேச்சியையும் உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜீப்பு நிற்கும் இடத்திலிருந்து உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு மேடு ஏறியவன் காசி. காய் எடுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போனேன். எடுப்புக் காலத்தில் காசி பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

"என்ன காசி, காய்ச்சலா?"

"காய்ச்சலு இல்லக்கா. தல கிறுகிறுங்குது. தின்னது வயித்துல நிக்க மாட்டேங்குது. மேடு ஏறுனா மூச்சு வாங்குது" என்றான். எழுந்து உட்காரப் பார்த்து முடியாமல் சாய்ந்துகொண்டான்.

"பித்தம்னு கசாயம் வச்சுக் குடுத்தேன்" என்றாள் பேச்சி. "நாலு நாளு நல்லாருப்பாரு, திரும்ப வந்துரும். நீங்க மொதல்ல வெள்ளம் குடிங்கக்கா, ஏறி வந்திருக்கீக." மேலே மலையாளத்துக்காரர்களோடு எஸ்டேட்டில் பல வருஷம் இருந்தவள் அவள், தண்ணீரைச் சில நேரம் வெள்ளம் என்பாள்.

மூலையில் இருந்த கேனைச் சாய்த்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். தாகத்தில் ஒரு மடக்கு விழுங்கிவிட்டேன். பிறகுதான் கேனைப் பார்த்தேன். வெள்ளைக் கேன், நீல மூடி. தேய்த்துத் தேய்த்து மங்கலாகிப்போன மை. ஆனாலும் படிக்க முடிந்தது. "கழிவு" என்று என் கையெழுத்தில் இருந்தது. என் எழுத்து எனக்குத் தெரியாதா? நாக்கில் ருசி ஒன்றும் வேறாக இல்லை. விழுங்கிய பிறகு மூக்கின் உள்பக்கம்தான் லேசாக என்னவோ நின்றது.

"பேச்சி, இந்தக் கேன் ஏது?"

"உர வண்டி செல்வம் குடுத்தாப்ள. நல்ல கனத்த கேனுக்கா, உருட்டிவிட்டாலும் உடையாது. இங்க லைன்ல எல்லா வீட்டுலயும் இதுதான்."

"நல்லாக் கழுவுனியா?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னக்கா இப்பிடிக் கேக்குறீக! சாம்பலு, புளி எல்லாம் போட்டுத் தேச்சு, வெயில்ல கவுத்து வச்சு, வாடை போன பெறகுதான் தண்ணி புடிச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா இப்பக் கொஞ்ச நாளா ஊத்துத் தண்ணியிலயே அந்த வாடைதான் அடிக்குது."

அப்பு, அசிட்டோநைட்ரைல் உள்ளே போனதும் ஒன்றும் செய்யாது. ஈரல் அதை மெல்ல மெல்ல உடைக்கும். உடைந்தால் வருவது சயனைடு. பல மணி நேரம் கழித்துத்தான் தலைவலியும் வாந்தியும் மூச்சிரைப்பும் வரும். காலையில் குடித்ததை நினைக்காமல் மத்தியானம் சாப்பிட்ட சோற்றைக் குறை சொல்வார்கள். இதை நீ படித்திருக்கிறாய். நான் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பல வருஷமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தக் குடிசையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அது எனக்குப் பாடமாக வரவில்லை, எதிரே சுருண்டு கிடந்த காசியாக வந்தது. கேனை வெளியே தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன். லைனில், அதாவது வேலைக்காரர்களின் வீட்டு வரிசையில், வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் கேனை வெளியே வைத்தார்கள். சிலர் நான் போன பிறகு உள்ளே எடுத்துக்கொண்டார்கள் என்று பேச்சி பிறகு சொன்னாள்.

காசியை ஜீப்பில் ஏற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. "காயி பழுத்து வெடிச்சுரும்க்கா, எடுப்பு முடியட்டும்" என்றான். "வெடிச்சா வெடிக்கட்டும், வெரசா ஏறு" என்று சத்தம் போட்டேன். நான் சத்தம் போட்டு அவன் அதுவரை பார்த்ததே இல்லை, ஏறிக்கொண்டான். தேனியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, எந்த ரசாயனமாக இருக்கலாம் என்று டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கிளம்பும் முன் ஊற்றிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து மூடி, பைக்குள் வைத்திருந்தேன்.

மறுநாள் வேலை தொடங்குமுன் அந்தத் தண்ணீரைச் சோதித்தேன். சின்னக் குப்பியில் ஊற்றி இறுக மூடி, சூடுபண்ணி, மேலே எழும்பி நிற்கும் ஆவியை மட்டும் எந்திரத்துக்குள் விட்டேன். ஒரு துளிக் கரைப்பான்கூட வேண்டாத சோதனை அது. நீ மதிப்பெண் போட்டால் அநேகமாக எல்லாக் கட்டமும் பச்சைதான். திரையில், தினமும் நான் பார்த்துப் பழகிய அதே இடத்தில் அசிட்டோநைட்ரைலின் கோடு எழும்பியது. எந்திரத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நம் வீட்டிலிருந்து குடிக்கக் கொண்டுவந்திருந்த குழாய்த் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். கோடு எழவில்லை. திரும்ப ஊற்றுத் தண்ணீர். திரும்ப எழுந்தது.

முதலாளியிடம் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. உன் படிப்பைப் பற்றி எவ்வளவு விசாரிப்பார் என்று உனக்கே தெரியும். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை யாரும்மா டெஸ்ட் பண்ணச் சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல சார். நம்ம கேன்ல தண்ணி குடிக்கிறாங்க. நம்ம கழிவை ஊத்துக்கு மேல எங்கயோ கொட்டுறாங்க."

"கம்பெனிக்காரன் எரிச்சாச்சுன்னு பேப்பர் குடுத்திருக்கான். எங்கிட்ட எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கு. வாசல்ல இருக்கற படத்தைப் போட்டது உங்க பையன்தான், மறந்துறாதீங்க."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த தடவை செல்வம் கேன் ஏற்ற வந்தபோது நான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "எங்க போகுதோ அங்க நானும் வர்றேன்" என்றேன். சண்டை போடுவான் என்று நினைத்தேன். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "வாங்கக்கா. யாராவது ஒருத்தர் வந்து பாக்கட்டும்னுதான் நானும் நெனச்சேன்" என்றான். எரிக்கும் கம்பெனிக்கு இத்தனை தூரம் லாரி அனுப்பக் கட்டுப்படியாகவில்லையாம்; உள்ளூரில் பார்த்துக்கொள் என்று அவனிடம் விட்டுவிட்டார்கள். கீழே கொட்டினால் ஊர் பார்க்கும். உர மூட்டையோடு மேலே ஏற்றினால் யாரும் கேட்பதில்லை. குரங்கணியைத் தாண்டி எஸ்டேட் ரோடு மட்டும் போகும் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினான். இறங்கியதும் பேச்சி வீட்டுத் தண்ணீரில் இருந்த அதே வாடை. பள்ளத்தில் பெரணிச் செடியெல்லாம் வெந்த கீரை மாதிரி படுத்துக் கிடந்தது. பக்கத்து மரங்கள் பள்ளத்தைப் பார்த்த பக்கம் மட்டும் இலை உதிர்த்திருந்தன. சாரல் அடித்துக்கொண்டிருந்தது, பாறையெல்லாம் ஈரம். ஆனால் ஒரு தவளை கத்தவில்லை. நான் நின்றவரை ஒன்றுகூடக் கத்தவில்லை.

பள்ளத்தின் உள்ளே கேன்கள் கிடந்தன. ஓட்டை விழுந்து யாருக்கும் ஆகாத கேன்கள். என் எழுத்து அங்கங்கே தெரிந்தது. ஆனால் முக்கால்வாசி என் எழுத்து இல்லை. நீலக் கேன், மஞ்சள் கேன், பழுப்புக் கண்ணாடிப் பாட்டில்கள், முன்னே பின்னே தெரியாத கையெழுத்துகள்.

"இதெல்லாம் யாரோடது செல்வம்?"

"நான் மட்டுமாக்கா வர்றேன்? வேற வண்டியும் வருது. ரத்தம் பாக்குற எடம், காலேசு, மண்ணு பாக்குறவங்க. தண்ணி நல்லதா கெட்டதான்னு பாத்துச் சொல்றாங்கள்ல, அவங்களோடதும் இருக்கு."

அவனும் பள்ளத்தைப் பார்க்காமல்தான் பேசினான். அன்றைக்குக் கேன்களை இறக்கவிடாமல் திருப்பிக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு கேன்களை வண்டியில் ஏற்ற நான் கையெழுத்துப் போடவில்லை. பின்னறையில் அடுக்கி வைத்திருக்கிறோம். அடுக்கு இப்போது ஜன்னல் வரை வந்துவிட்டது. சாம்பிள் வருவது குறையவில்லை. அத்தனையும் ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் சரக்கு என்பதால், அந்த அறைப் பக்கம் ஸ்விட்சு போடவே எல்லோருக்கும் பயமாக இருக்கிறது.

மாவட்ட அதிகாரிகளுக்கு மனு கொடுத்தேன். வந்தார்கள், பள்ளத்தைப் பார்த்தார்கள், தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்கள். சோதனை முடிவு வரவேண்டும் என்றார்கள். எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், அந்த ஆய்வகத்தின் கேன் எங்கே போகும் என்று கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. லைன்காரர்களை அந்த ஊற்றை விட்டுவிட்டு வெகுதூரம் கீழே இருக்கும் இன்னொரு ஊற்றில் எடுக்கச் சொல்லியிருக்கிறோம். காசி வீட்டுக்கு வந்துவிட்டான். வாந்தி நின்றுவிட்டது. ஆனால் காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறான், அப்படியும் தளும்புகிறது. இதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். முதலாளி என்னை அடுத்த மாதம் முதல் வீட்டில் இருந்து ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். நான் விழுங்கிய அந்த ஒரு மடக்கால் எனக்கு எதுவும் ஆகவில்லை, பயப்படாதே. ஆனால் அங்கே பிள்ளைகள் மாதக்கணக்காகக் குடித்திருக்கிறார்கள்.

உன் கட்டுரை அச்சுக்குப் போகிறது என்றாய். அதற்குள் கழிவுக் கட்டத்தைச் சிவப்பாக்கு. உன் முறை நல்ல முறைதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழைய புனல்களுக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை. ஆனால் மேசைமேல் நடப்பதை மட்டும் வைத்து ஒரு முறையைப் பச்சை என்று சொல்லிவிட முடியாது. இனி நீ மதிப்பெண் போடப் போகும் இடங்களில் எல்லாம் வெள்ளைக் கோட்டுப் போட்ட யாராவது ஒருத்தர், என்னைப் போலவே நல்ல எண்ணத்தோடு, "வண்டி வந்து எடுத்துட்டுப் போகுது" என்று உனக்குச் சொல்வார். அம்மாவே சொன்னாலும் எழுதிக்கொள்ளாதே. அந்த வண்டி கிளம்பும்போது நீயும் ஏறிக்கொள். எத்தனை கட்டம் நிரப்பினாய் என்று உன் மேலதிகாரி கேட்பார்; அவர் கேட்கட்டும். ஒரு கட்டம் குறைவாக நிரப்பு, ஆனால் போய்ப் பார்த்து நிரப்பு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பேச்சி கூப்பிட்டாள். மேலே மழை கொட்டுகிறது போல, குரல் விட்டு விட்டு வந்தது.

"அக்கா, கீழ ஊத்துலதான் எடுக்குறோம். இன்னிக்கிக் காலைல பக்கத்து வீட்டுப் புள்ள கொண்டாந்த குடத்த அவ ஆத்தா கவுத்துட்டா. மோந்து பாத்துட்டுக் கவுத்துட்டா."

"நீ மோந்து பாத்தியா?"

"பாத்தேன்க்கா. லேசாத்தான். ஆனா அதேதான்."

"யாரும் வாயில வைக்காதீங்க பேச்சி. நான் தண்ணி ஏத்திக்கிட்டு வர்றேன்."

"இன்னிக்கிக் கொண்டு வந்துருவீக. நாளைக்கி?"

பதில் சொல்லுமுன் லைன் அறுந்துவிட்டது. ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன், இப்போது வந்துவிடும். அந்த ஊற்றுக்குக் கீழே ஓடை, ஓடைக்குக் கீழே ஆறு, ஆற்றுக்குக் கீழே நம் ஊர். பேச்சி பேசி முடித்ததும் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். சோற்றுக்கு உலை வைக்க வேண்டும். குடத்தை நீட்டுமுன் குனிந்து தண்ணீரை மோந்து பார்த்தேன். இன்றைக்கு ஒன்றும் இல்லை.

அம்மா